கூடிக் கற்கும் மலர்க்கலை: இக்கெபானா பயிற்சியின் வரலாறும் முறையும்

இக்கெபானா ஜப்பானியரின் மலரமைப்புக் கலை. வெட்டியெடுத்த கிளை, தண்டு, இலை, பூ ஆகியவற்றை நீருள்ள கலத்தில் நிறுத்தி, அவற்றுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தையும் சேர்த்து ஒரு வடிவமாக ஆக்குவது அதன் வேலை. ‘இக்கெரு’ என்ற வினைக்கு உயிரோடு வைத்தல் என்று பொருள். ‘ஹனா’ என்றால் பூ. இரண்டு சொற்களும் சேரும்போது ஹகரம் பகரமாகத் திரிந்து ‘இக்கெபானா’ ஆகிறது. புணர்ச்சி விதிகளோடு பழகிய தமிழ் வாசகருக்கு இத்திரிபு வியப்பளிக்காது. இக்கலையை ‘கதோ’, அதாவது மலர்நெறி, என்றும் சொல்வார்கள். தேநீர்நெறி, வாள்நெறி என்பவற்றின் வரிசையில் வைத்து, வாழ்நாள் முழுவதும் பயிலவேண்டிய ஒன்றாக அதைக் கருதுவதால் வந்த பெயர் அது.

இக்கலையைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படுபவற்றில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது: ஒருவர் தனியே, பேச்சின்றி, ஒற்றைக் கிளையின் முன் அமர்ந்திருப்பார். அந்தக் காட்சி பொய்யல்ல. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. ஜப்பானில் இக்கெபானா பழகுவோரில் மிகப் பெரும்பாலோர் ஒரு குழுவில்தான் பழகுகிறார்கள். ஆசிரியர் ஒருவர், மாணவர் சிலர், எல்லோருக்கும் ஒரே வகைப் பூக்கட்டு, ஒரே அறை. கிளைகளின் நீளம், சாய்வு, பெயர் என்று இக்கலை வகுத்துக்கொண்ட இலக்கணம் முழுவதும், பலர் கூடிக் கற்கவும், ஒருவர் அமைத்ததை மற்றவர் படித்துப் பார்த்துத் திருத்தவும் ஏற்றதாக வளர்ந்தது. தனிமையில் மட்டுமே பயிலப்பட்டிருந்தால் அதற்கு இத்தனை அளவுகள் தேவைப்பட்டிருக்காது.

தொடக்கம் பௌத்த வழிபாட்டில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பௌத்தம் ஜப்பானுக்கு வந்தபோது புத்தர் திருமுன் பூவைப் படைக்கும் வழக்கமும் உடன் வந்தது. அரண்மனைகளில் பெரிய சாடிகளில் பூங்கிளைகளைச் செருகி அழகு பார்க்கும் பழக்கமும் இருந்தது. ஹெயான் காலத்து எழுத்தாளர் செய் ஷோனகோன் தம் குறிப்புகளில் சாடியில் வைத்த செர்ரிக் கிளைகளைப் பற்றிச் சொல்கிறார். ஆயினும் இவை இரண்டும் இன்னும் கலையாகவில்லை. கியோட்டோ நகரின் நடுவில் உள்ள ரொக்காக்குதோ என்ற அறுகோண வடிவக் கோயிலில் குளத்தருகே குடியிருந்த துறவிகள், தலைமுறை தலைமுறையாகப் பூப்படைத்தலைத் தம் பணியாகக் கொண்டிருந்தார்கள். குளக்கரைக் குடில் என்று பொருள்படும் ‘இக்கெனோபோ’ என்ற பெயர் அவர்களுக்கு அதனால் வந்தது. இன்றும் அதுவே மிகப் பழைய பள்ளியின் பெயர். 1462ஆம் ஆண்டு, தோஃபுகுஜி மடத்துத் துறவி ஒருவர் தம் நாட்குறிப்பில் இக்கெனோபோ சென்கெய் என்பவரைக் குறிப்பிடுகிறார். ஒரு படைத்தலைவரின் அழைப்பை ஏற்று, பொன்கலத்தில் பல பத்துக் கிளைகளைச் சென்கெய் நிறுத்தினார் என்றும், தலைநகரின் ஆர்வலர்கள் முந்திக்கொண்டு வந்து பார்த்தார்கள் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. இக்கெபானா தன் பிறப்பை இந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறது. அந்த முதல் பதிவிலேயே அமைப்பவரோடு ஆர்வலர் கூட்டமும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத் தக்கது.

சென்கெய் வாழ்ந்த முரோமாச்சிக் காலத்தில் ‘ஹனா-அவாசே’ என்ற மலர்ப்போட்டிகள் நடந்தன. ஆளுக்கொரு கலமும் பூவும் கொண்டுவந்து ஒரே கூடத்தில் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏழாம் மாதம் ஏழாம் நாளில் வரும் தனபதா விழா இக்கூடல்களுக்கு உரிய நாளாயிற்று. இக்கெனோபோ பள்ளி இலையுதிர் காலத்தில் கியோட்டோவில் நடத்தும் பெரிய ஆண்டுக் கண்காட்சி இன்னமும் அந்த விழாவின் பெயரையே தாங்கியிருக்கிறது.

1542இல் எழுதப்பட்ட ‘சென்னோ குதென்’ என்ற ஏடு இக்கலைக்குக் கொள்கையைத் தந்தது. அழகான பூவைக் கலத்தில் செருகுவது மட்டும் போதாது. மலையிலும் நீர்க்கரையிலும் செடிகள் நிற்கும் இயல்பை அறிந்து அமைக்கவேண்டும். வாடிய கிளைக்கும் அதில் இடம் உண்டு என்பது ஏட்டை எழுதிய இக்கெனோபோ சென்னோவின் கருத்து. பின்வந்த தலைமுறைகள் அதை ‘ரிக்கா’ என்ற பெரிய வடிவமாக வளர்த்தன. ஏழும், பிறகு ஒன்பதுமாகப் பெயரிடப்பட்ட கிளைகள் சேர்ந்து ஒரு மலைக்காட்சியைக் கலத்துக்குள் கொண்டுவரும். 1629இல் பேரரசர் கோமிசுனோஓ தம் அரண்மனையில் பலமுறை ரிக்கா கூடல்களை நடத்தினார். பிரபுக்களும் துறவிகளும் தம் கைப்பட அமைத்தார்கள். இக்கெனோபோ பள்ளியின் துறவி இரண்டாம் சென்கோ அவற்றைப் பார்த்துத் தரம் சொன்னார். பிறப்பால் தம்மைவிட மேலானவர்களின் கைவேலையை ஒரு துறவி திருத்தினார் என்பதுதான் இதில் முக்கியம். மலர் முன் அமர்ந்துவிட்டால் ஆசிரியர் மாணவர் என்ற உறவே முதன்மையானது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கெனோபோ பள்ளி சீடர்களுக்கெனப் பதிவேடு வைக்கத் தொடங்கியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெயர்கள் அதில் ஏறின.

ரிக்கா அமைக்க நேரமும் செலவும் மிகுதி. வணிகரும் கைவினைஞரும் கற்க முன்வந்தபோது சுருக்கமான வடிவம் தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற ‘ஷோக்கா’ மூன்றே முதன்மைக் கிளைகளால் ஆனது: ஷின், சோயே, தாய். அவற்றை விண், மனிதன், மண் என்ற மூன்றோடு இணைத்துப் பேசுவார்கள். எல்லாத் தண்டுகளும் நீர்மட்டத்துக்கு மேல் சிறிது உயரம்வரை ஒரே தண்டுபோல் ஒட்டி எழுந்து, பிறகு பிரியும். மூன்று என்பது கற்பிக்க எளிதான எண்.

மெய்ஜி காலம் இக்கலையின் ஆட்களையே மாற்றியது. அதுவரை துறவிகளும் போர்வீரரும் வணிகரும் பயின்ற ஒன்று, பெண்களின் கல்வியாயிற்று. 1899ஆம் ஆண்டின் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆணைக்குப் பின் பெருகிய பள்ளிகளில், நல்ல மனைவியும் அறிவுள்ள தாயுமாக ஆவதற்குரிய பயிற்சிகளில் ஒன்றாக மலரமைப்பு சொல்லிக்கொடுக்கப்பட்டது. இதனால் கலை சுருங்கியது என்று சொல்வாரும் உண்டு, பிழைத்தது என்று சொல்வாரும் உண்டு. பிழைத்தது என்பதே சரி. வகுப்பறையில் வரிசையாக அமர்ந்து பழகிய அந்தப் பெண்கள்தான் இக்கலையை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வீடுவீடாகக் கொண்டுசென்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வேலைநேரம் முடிந்ததும் கூடும் மலர்க்குழுக்களை உருவாக்கியவர்களும் அவர்களே.

ஒஹாரா உன்ஷின் (1861–1916) செய்த மாற்றம் இன்னும் அடிப்படையானது. மேற்கிலிருந்து வந்த பூக்கள் பலவற்றுக்குத் தண்டு குட்டையாகவும் மென்மையாகவும் இருந்தது; நெடிய ஷோக்கா வடிவத்தில் அவை அடங்கவில்லை. அகன்ற, ஆழமில்லாத தட்டில் பூக்களைக் குவித்தாற்போல் நிறுத்தும் ‘மொரிபானா’ முறையை அவர் கண்டார். ஒஹாரா பள்ளி 1895ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. அவர் மகன் கோஉன் இம்முறையைப் படிப்படியான பாடமாக ஒழுங்குபடுத்திப் பலருக்கு ஒருசேரக் கற்பிக்க வழிசெய்தார். 1927இல் தெஷிகஹாரா சோஃபு (1900–1979) தொடங்கிய சோகெட்சு பள்ளி இன்னும் ஒரு படி தாண்டியது. எவரும், எங்கும், எப்போதும், எப்பொருளைக் கொண்டும் இக்கெபானா அமைக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. இரும்புக்கம்பி, கண்ணாடி, பட்டமரத்தின் வேர் எல்லாம் கலத்துக்குள் வந்தன. இன்று ஜப்பானில் 300க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருப்பினும், இக்கெனோபோ, ஒஹாரா, சோகெட்சு மூன்றுமே பெரியவை.

வாரப் பயிற்சிக்கு ‘கெய்கோ’ என்று பெயர். பழையதை எண்ணிப் பார்த்தல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். ஆசிரியர் வீட்டு அறையிலோ, ஊர்ப் பொதுமன்றத்திலோ, பள்ளியின் கிளைக் கட்டடத்திலோ அது நடக்கும். பூக்கடைக்காரர் முன்னதாகவே பூக்கட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருப்பார். ஒரு கட்டில் இரண்டு மூன்று கிளை, நான்கைந்து பூத்தண்டு, கொஞ்சம் இலை. எல்லாக் கட்டும் ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் எந்த இரண்டு கிளையும் ஒன்றாக இருக்காது. ஒன்று இடப்பக்கம் வளைந்திருக்கும், ஒன்றில் கணு அடர்ந்திருக்கும், ஒன்றில் அரும்பு மட்டுமே இருக்கும். பயிற்சியின் சாரமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. பாடம் ஒன்று, கிடைத்த கிளை வேறு. கட்டை அவிழ்த்ததும் ஒவ்வொரு கிளையையும் கையில் பிடித்து மெதுவாகச் சுழற்றி, அதன் முகம் எது முதுகு எது என்று பார்ப்பது முதல் வேலை. வெயிலை நோக்கி வளர்ந்த பக்கமே முகம்.

அடுத்தது நீர். வாளி நீருக்குள் தண்டின் அடியை அமிழ்த்தி, நீருக்குள்ளேயே கத்தரியால் வெட்டுவார்கள். இதற்கு ‘மிசுகிரி’ என்று பெயர். காற்றில் வெட்டினால் நீரை மேலே ஏற்றும் நுண்குழாய்களுக்குள் காற்றுக்குமிழ் புகுந்து வழியை அடைத்துவிடும். பூ நீரிலேயே நின்றும் தலைசாயும். நீருக்குள் வெட்டும்போது குழாய் காற்றுக்குப் பதிலாக நீரையே இழுத்துக்கொள்ளும். எல்லாச் செடிக்கும் இது ஒன்றே மருந்தல்ல. செவ்வந்தியின் தண்டைக் கத்தரியால் வெட்டாமல் நீருக்குள் கையால் ஒடிப்பது வழக்கம். நார்நாராகப் பிரிந்த ஒடிவு நீரை நன்றாக உறிஞ்சும். சில செடிகளுக்கு அடியைக் கொதிநீரில் ஒரு கணம் அமிழ்த்துவார்கள், சிலவற்றுக்கு நெருப்பில் கருக்குவார்கள். தாமரைக்கும் அல்லிக்கும் தண்டுக்குள் நீரைப் பாய்ச்ச ஊசிக்குழல் போன்ற பித்தளைப் பீச்சாங்குழல் உண்டு. புத்தகத்தில் படித்துப் பழகுவதைவிடப் பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துப் பழகுவதே இவற்றுக்கு ஏற்றது. தண்டு நசுங்காமல் எவ்வளவு அழுத்துவது என்பதை எழுத்தால் சொல்லமுடியாது.

தட்டின் உள்ளே தண்டுகளை நிறுத்துவது ‘கென்ஸான்’. கனமான ஈயத் தளத்தில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக மேல்நோக்கி நட்டிருக்கும். பெயரின் பொருள் வாள்மலை. மரக்கிளையைச் சாய்வாக வெட்டி, கூரான அடியை முதலில் நேராக ஊசிகளுக்கு இடையில் ஆழ அழுத்தி, பிறகே வேண்டிய பக்கம் சாய்க்கவேண்டும். முதலிலேயே சாய்த்துச் செருகினால் கிளை சிறிது நேரத்தில் விழுந்துவிடும். பருத்த கிளையின் அடியைப் பிளந்துகொள்வதும் உண்டு. ஊசியிடையில் நிற்காத மெல்லிய தண்டை, சிறிய துண்டு ஒன்றோடு சேர்த்துக் கட்டிச் செருகுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் தம் முதல் சில வகுப்புகளை இந்த ஊசித்தட்டோடு போராடியே கழிப்பது இயல்பு.

பிறகு அளவு. சோகெட்சு பள்ளியின் முதல் பாடமான நிமிர்ந்த மொரிபானாவை எடுத்துக்கொள்ளலாம். தட்டின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதன் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குவரை ஷின் என்ற தலைமைக் கிளையின் நீளம். சோயே அதன் முக்கால். மூன்றாம் கிளையான ஹிகாயே சோயேயின் முக்காலோ பாதியோ. 30 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. ஆழமும் உள்ள தட்டானால் ஷின் 54 செ.மீ., சோயே 40 செ.மீ.க்குச் சற்று மேல், ஹிகாயே 30 செ.மீ. அளவில் வரும். நேர்க்குத்துக் கோட்டிலிருந்து ஷின் 15 பாகையும், சோயே 45 பாகையும், ஹிகாயே 75 பாகையும் சாய்ந்திருக்கும். இடையில் நிற்கும் துணைத்தண்டுகளுக்கு ‘ஜூஷி’ என்று பெயர். அவை தாம் துணைநிற்கும் கிளையைவிட உயரக்கூடாது. சாய்ந்த வடிவத்தில் ஷினும் சோயேயும் தம் சாய்வை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளும்.

எண்களாகப் பார்த்தால் இது வறண்ட கணக்கு. குழுவுக்குள் பார்க்கும்போதுதான் அதன் பயன் விளங்கும். பத்துப் பேர் இதே 15, 45, 75 என்ற கோணங்களில் அமைத்து முடித்த தட்டுகளை ஒரே மேசையில் வரிசையாக வைத்தால், அவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறாக நிற்கும். ஒருவருடைய ஷினில் இலை மிகுந்து கோடு மறைந்திருக்கும். இன்னொருவர் இலையைக் கழித்துக் கழித்து எலும்பை மட்டும் வைத்திருப்பார். ஒருவர் பூவை உயரமாக விட்டிருப்பதால் தட்டின் நீர் குளம்போல் விரியும்; மற்றொருவரின் பூ நீர்மட்டத்தோடு ஒட்டி அதை மூடியிருக்கும். அளவு ஒன்றாக இருப்பதால்தான் கைகளின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. அளவு வேறுவேறாக இருந்திருந்தால் எது அளவால் வந்தது, எது ஆளால் வந்தது என்று பிரித்தறிய வழியிருக்காது.

திருத்தம் கெய்கோவின் நடுப்பகுதி. மாணவர் எழுந்துகொள்வார்; ஆசிரியர் அவருடைய இடத்தில், அவருடைய கண்மட்டத்தில் உட்காருவார். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பார்ப்பார். பிறகு ஒரு கிளையைச் சற்றே திருப்புவார். ஓர் இலையைக் கிள்ளுவார். பல வேளைகளில் ஒரு தண்டை முற்றிலும் உருவிக் கீழே வைத்துவிடுவார். அந்த ஒன்று போனதும் மீதி அத்தனையும் மூச்சுவிடத் தொடங்கியதுபோல் இருக்கும். சேர்ப்பதைவிட எடுப்பது கடினம் என்பதை மாணவர் பார்த்துக் கற்பது அந்த இடத்தில்தான். மற்றவர்கள் தம் வேலையை நிறுத்திவிட்டு அருகே வந்து நிற்பார்கள். ஒருவருக்குச் சொல்லப்படும் திருத்தம் அங்கே எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. நான்கு பேர் உள்ள வகுப்பில் ஒருவர் ஒரு மாலையில் ஒரு தட்டு அமைத்து நான்கு தட்டின் பாடத்தைக் கற்றுத் திரும்புகிறார்.

கிளையை வளைப்பதும் கையால் மட்டுமே கற்கவேண்டிய ஒன்று. இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து, வளையவேண்டிய இடத்தைச் சூடேறும்வரை அழுத்தி, சிறிது சிறிதாக வளைப்பார்கள். ஒரு நூலளவு கூடினால் ஒடியும். பைன் வளையும், வில்லோ எளிதில் வளையும், பூத்த பீச் கிளை சட்டென்று முறியும்.

செடியின் இயல்பை அறிவது என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இக்கெனோபோவின் நார்சிசஸ் பாடம் நல்ல சான்று. குளிர்காலத்தில் பூக்கும் இச்செடியில் நான்கு இலைகளும் ஒரு பூத்தண்டும் ஒரு வெள்ளை உறைக்குள் அடியில் பிணைந்திருக்கும். அந்த உறைக்கு, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் மடிப்பாடையின் பெயரான ‘ஹகாமா’ என்றே பெயர். மாணவர் அந்த உறையை விரல்களால் மெல்ல உருட்டித் தளர்த்தி, கிழியாமல் கழற்றவேண்டும். பிறகு இலைகளைத் தனித்தனியே நீவி, சிறிது முறுக்கி, உயரம் மாற்றி அடுக்கி, நடுவில் பூத்தண்டை வைத்து, மீண்டும் அதே உறைக்குள் நுழைக்கவேண்டும். முடித்துப் பார்த்தால் செடி நிலத்திலிருந்து அப்படியே எழுந்ததுபோல் தோன்றும். கை பட்ட சுவடே இருக்காது. அரைமணி நேர உழைப்பு, உழைத்த அடையாளம் தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே செலவிடப்படுகிறது. தாமரை அமைப்பிலும் இதேபோன்ற நுட்பம் உண்டு. காய்ந்த பொகுட்டும் கிழிந்த இலையும் கடந்த காலம். மலர்ந்த பூவும் விரிந்த இலையும் நிகழ்காலம். மொட்டும் சுருண்ட இளவிலையும் வருங்காலம். மூன்றும் ஒரே கலத்தில் நிற்கவேண்டும்.

வேலை முடிந்தபின் ஒவ்வொரு தட்டின் முன்பும் அமர்ந்து பார்ப்பது மரபு. முதலில் முழுமையையும், பிறகு கிளைகளின் போக்கையும், பிறகு கலத்தையும் பார்க்கவேண்டும். எட்டி வளைந்து பக்கவாட்டில் நோக்குவது நாகரிகம் அல்ல. டொக்கோனோமா என்ற சுவர்மாடத்தில் வைக்கப் பிறந்த கலை ஆதலால் அதற்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. பார்த்து முடித்ததும் மாணவர்கள் தம் அமைப்பைக் கோட்டோவியமாகக் குறிப்பேட்டில் வரைந்துகொள்வார்கள். பிறகு, ஒரு மணி நேரம் பாடுபட்டு நிறுத்திய அத்தனையையும் கலைத்துவிட்டு, பூக்களைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். வேறொரு கலத்தில், ஆசிரியர் இல்லாமல், நினைவிலிருந்து மீண்டும் அமைத்துப் பார்ப்பது பயிற்சியின் மறுபாதி.

வாரக் குழுவுக்கு மேல் அமர்வுகள் உண்டு. ஒஹாரா பள்ளியில் ‘கென்கியூகாய்’ என்ற ஆய்வுக்கூட்டங்களில் பல ஆசிரியர்களின் மாணவர்கள் ஒரே கூடத்தில், ஒரே பொருளைக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் அமைப்பார்கள். தலைமைப் பள்ளியிலிருந்து வந்தவர் மதிப்பெண் இட்டு விளக்கம் சொல்வார். இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது ‘இயெமோதோ’ என்ற தலைமைமரபு. பள்ளியின் தலைமை பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் இறங்கிவரும். இக்கெனோபோவின் இன்றைய தலைவர் சென்யெய் 45ஆம் தலைமுறை; அடுத்த தலைமைக்கு அவருடைய மகள் குறிக்கப்பட்டிருக்கிறார். சோகெட்சுவை 2001 முதல் நடத்திவருபவர் தெஷிகஹாரா அகானே. ஒவ்வொரு நிலையிலும் சான்றிதழ் உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. மேல்நிலையில் மலர்ப்பெயரும் அளிக்கப்படும். இக்கட்டணங்கள் மீது நெடுங்காலமாகவே குறை சொல்லப்பட்டு வருகிறது, அதில் நியாயமும் உண்டு. அதே அமைப்புதான் ஐந்நூறு ஆண்டுக் கைப்பழக்கத்தைத் தொடர்பு அறாமல் கொண்டுவந்திருக்கிறது என்பதும் உண்மை.

கண்காட்சிக் காலத்தில் குழு வேறு முகம் காட்டும். கண்காட்சி நடக்கும் பல்பொருள் அங்காடியின் மேல்தளத்தில் கடைமூடிய பின் கூடி, இரவில் அமைத்து முடிக்கும் வேலைக்கு ‘இக்கெகோமி’ என்று பெயர். ஒருவர் கிளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் ஆணியறைவார், ஒருவர் பெருக்குவார். அடுத்தடுத்த நாள்களில் முறைவைத்து வந்து நீர் ஊற்றுவதும், வாடிய பூவை மாற்றுவதும், இலைமேல் தெளிப்பதும் பெயர் வெளியே தெரியாதவர்கள் செய்யும் பணி. நீரூற்றும் முறையில் இருந்த நாள்களே பாடம் கற்ற நாள்கள் என்று சொல்லும் மூத்த மாணவர்கள் உண்டு. அமைத்த அன்று நன்றாக இருந்தது மூன்றாம் நாள் என்ன ஆகிறது என்பதை அவர்கள் மட்டுமே பார்க்கிறார்கள்.

பலர் கூடி ஒரே அமைப்பை உருவாக்கும் முறையும் தோன்றியிருக்கிறது. சோகெட்சுவின் மூன்றாம் தலைவரான தெஷிகஹாரா ஹிரோஷி (1927–2001), 1964இல் வெளிவந்த ‘மணலில் ஒரு பெண்’ திரைப்படத்தின் இயக்குநராக உலகுக்கு அறிமுகமானவர். அவர் ‘ரென்கா’ என்ற தொடர்மலர் முறையைக் கொண்டுவந்தார். பலர் அடுத்தடுத்து அடி சேர்த்துப் பாடும் பழைய ஜப்பானியத் தொடர்பாடல் வடிவத்திலிருந்து அதற்குக் கருத்துக் கிடைத்தது. முதலாமவர் வைத்ததைப் பார்த்து இரண்டாமவர் அந்த இடத்திலேயே பதில் வைப்பார்; இருவரையும் பார்த்து மூன்றாமவர். முன்திட்டம் கிடையாது. இன்னொருவர் விட்ட வெற்றிடத்தை மதிக்கத் தெரியாதவர் இதில் உடனே தெரிந்துவிடுவார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக இக்கெனோபோ நடத்தும் ‘ஹனா நோ கோஷியென்’ போட்டியும் குழுப்போட்டிதான். மூவர் ஓர் அணியாக நின்று அமைத்து, தம் எண்ணத்தை மேடையில் சொல்லவேண்டும். பழகுவோரில் முதியோரே மிகுந்து வரும் நாளில், பையன்களும் பெண்களும் கத்தரியோடு ஓடியாடும் அந்த மேடை இக்கலையை நேசிப்போருக்கு ஆறுதல் தருவது.

ஜப்பானுக்கு வெளியே இக்கெபானா பரவியதும் குழுக்கள் வழியாகத்தான். 1891இல் ஜோசையா காண்டர் என்ற கட்டடக்கலைஞர் இதைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதினார். ஆனால் நூல் செய்யாததை, போருக்குப் பின் டோக்கியோவில் இருந்த அமெரிக்க அதிகாரிகளின் மனைவியர் கூடிய வகுப்புகள் செய்தன. அவர்களில் ஒருவரான எல்லன் கார்டன் ஆலன் 1956இல் ‘இக்கெபானா இன்டர்நேஷனல்’ அமைப்பைத் தொடங்கினார். மலர்வழி நட்பு என்பது அதன் குறிக்கோள். இந்த அமைப்பு எந்த ஒரு பள்ளிக்கும் உரியதல்ல. ஜப்பானில் தனித்தனி வாசல்களில் நுழையும் இக்கெனோபோ, ஒஹாரா, சோகெட்சு மாணவர்கள் இதன் கிளைகளில் ஒரே மேசையில் அமர்ந்து அமைக்கிறார்கள். பள்ளிகள் தம்மைப் பிரித்துக் காட்டிக்கொள்ளும் நுட்பங்கள் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மிகத் தெளிவாகப் புலப்படும் என்பதால், இது நட்புக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் உதவிய ஏற்பாடு.

சென்னையிலும் ஒஹாரா பள்ளியின் கிளை உண்டு. தமிழ்நாட்டுப் பூவழக்கம் தண்டை விட்டுவிடுவது: மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் காம்பளவில் கிள்ளி நாரில் தொடுக்கப்படுகின்றன. நெருக்கமாகத் தொடுத்த சரமே நல்ல சரம். இக்கெபானாவோ தண்டிலிருந்து தொடங்குகிறது. பூவைவிடப் பூவைத் தாங்கும் கோடும், ஒரு பூவுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே உள்ள இடமும் அதற்கு முக்கியம். சரம் தொடுத்துப் பழகிய கைக்கு இது நேர் எதிரான பயிற்சி. பொருளிலும் மாற்றம் தேவை. பைன், பீச், வில்லோ சமவெளியில் கிடைப்பதில்லை. பருவத்தை உணர்த்தும் பாடங்களை உள்ளூர்ச் செடிகளின் பருவத்துக்கு மாற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒஹாரா பள்ளியின் நீர்க்காட்சி அமைப்புக்கு மட்டும் தடையில்லை. கோரை, அல்லி, தாமரை மூன்றும் நம் குளங்களிலேயே இருக்கின்றன. அகன்ற தட்டின் பெரும்பகுதியை வெறும் நீராக விட்டு, ஓர் ஓரத்தில் அவற்றை நிறுத்துவது அதன் முறை. கோடையில் நீர்ப்பரப்பை இன்னும் அகலமாகக் காட்டவேண்டும்; பார்ப்பவர் கண்ணுக்கு அது குளிர்ச்சி.